‘தொடரும்’ போட்ட படம்: கல்கி, சினிமா, கொஞ்சம் வாசிப்பு

2022 செப்டம்பர் 30. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் பார்த்துட்டு வெளிய வர்றோம். கப்பல் மூழ்கிடுச்சு. அருள்மொழி கடலுக்குள்ள. காப்பாத்தக் குதிச்ச வயசான அம்மாவுக்கு நந்தினியோட அதே முகம். கூட வந்த ஆபீஸ் நண்பன் தியேட்டர் படிக்கட்டுலயே கேட்டான்: “டேய், நீதான் புக் வச்சிருக்கியே, அந்த அம்மா யாருடா?”

வச்சிருந்தேன். காலேஜ்ல வாங்கின அஞ்சு பாகமும் அலமாரில இருந்துச்சு. முதல் பாகத்துப் பாதியைத் தாண்டினதில்ல. அன்னைக்கு ராத்திரியே தூசி தட்டி எடுத்தேன்.

படம் வந்தா புத்தகம் விக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் வாசல்லயே அந்த அஞ்சு பாகம்தான் அடுக்கியிருந்தாங்க. என் கேள்வி வேற. வாங்கினவங்களைப் படிக்க வைக்கிறது எது? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1939. கே. சுப்ரமணியம் ‘தியாகபூமி’ படத்தை எடுக்கிறார். அதே கதையை கல்கி ஆனந்த விகடன்ல தொடரா எழுதுறார். வழக்கமா ஓவியம் வர்ற இடத்துல படத்தோட ஸ்டில்களை அச்சடிச்சாங்க. அதாவது படமும் கதையும் கைகோத்துக்கிட்டு வந்துச்சு. சுதந்திரப் போராட்டத்துக்கு ஆதரவான படம்ங்கிறதால ஆங்கிலேய அரசு தடை போட்டுச்சு. திரையைப் பூட்டலாம். ஆனா வாரா வாரம் வீடு தேடிப் போன பக்கங்களை என்ன பண்ண முடியும்?

அடுத்தது 1950. கல்கி தன்னோட சொந்தப் பத்திரிகையில ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பிக்கிறார். மணியம் ஓவியங்களோட மூணு வருஷத்துக்கும் மேல ஓடின தொடர். ஒவ்வொரு வாரமும் யாரோ ஆபத்துல மாட்டுவாங்க, கீழே ‘தொடரும்’னு இருக்கும். அடுத்த இதழ் வர்ற வரைக்கும் வீடு, ஆபீஸ், திண்ணைன்னு எல்லா இடத்துலயும் அதே பேச்சு. பக்கங்களைக் கிழிச்சு பைண்ட் பண்ணி வச்ச தாத்தா பாட்டி உங்க வீட்டுலயும் இருந்திருக்கலாம்.

எம்.ஜி.ஆர். இதைப் படமா எடுக்க ஆசைப்பட்டார், நடக்கல. ஆக, படமே இல்லாம எழுபது வருஷம் இந்த நாவல் ஓடியிருக்கு. அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990களோட கடைசியில தமிழக அரசு கல்கியோட எழுத்துகளை நாட்டுடைமை ஆக்குச்சு. எங்க பாஷையில சொன்னா, ஓப்பன் சோர்ஸ்! யார் வேணாலும் அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்பு, இணையத்துல இலவசம், ஆடியோ புக்னு எல்லாமே வந்துச்சு. படம் வந்தப்போ படிக்க நினைச்சவன் கைக்கு எட்டுற தூரத்துலயே கதை இருந்துச்சு.

ஆனா கைக்கு எட்டினது எனக்கும்தான் எட்டிச்சு. நான் படிக்கலையே! மொத்தமா அஞ்சு பாகம் வாங்கினதுல நான் தொலைச்சது அந்தக் காத்திருப்பைத்தான். மணிரத்னம் கதையை ரெண்டா வெட்டினப்போ, தெரிஞ்சோ தெரியாமலோ, ‘தொடரும்’ போட்டுட்டார். அடுத்த பாகம் 2023 ஏப்ரல் 28. நடுவுல ஏழு மாசம். அந்த ஏழு மாசம்தான் என்னைப் படிக்க வச்சுது. ரெண்டாம் பாகம் வந்தப்போ, சேந்தன் அமுதனோட பிறப்பு ரகசியத்தையே தூக்கிட்டாங்களேன்னு நண்பன்கிட்ட சண்டை போடுற அளவுக்குத் தேறிட்டேன்.

இதுல ஒரு உறுத்தலும் இருக்கு. 1982ல வந்த பூமணியோட ‘வெக்கை’தான் 2019ல ‘அசுரன்’ ஆச்சு. ஒரே படத்துல கதை முடிஞ்சிடுது. “அதான் பார்த்துட்டோமே”ன்னு நகர்ந்துடறோம். ஆனா நாவல் வேற அனுபவம். கொலை பண்ணின ஒரு பையனும் அவன் அப்பாவும் காட்டுல ஒளிஞ்சு திரியுற எட்டு நாள், அவ்வளவுதான். அந்தப் பசியும் வெயிலும் அவங்க பேச்சும் படத்துல அந்த அளவுக்கு இல்ல. இது நாட்டுடைமை ஆன புத்தகமும் இல்ல. ஒரு பிரதி வித்தா எழுதினவருக்கு ராயல்டி போகும். கல்கி புத்தகம் நம்ம வாங்காட்டியும் ஓடும். இந்த மாதிரிப் புத்தகங்களுக்குத்தான் நாம வேணும்.

இதுக்கு ‘தொடரும்’ போட யாரும் வரமாட்டாங்க. நாமளே போட்டுக்க வேண்டியதுதான். தினம் பத்துப் பக்கம் படிச்சுட்டு மூடி வைங்க, மறுநாள் வரைக்கும் அந்தப் பையன் உங்க மனசுல ஓடிக்கிட்டே இருப்பான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!