திங்கட்கிழமைக் காலையின் வேதியியல்: மயக்கவியல் நுட்புநருக்கு ஒரு சமுதாயக் கல்லூரிப் பட்டம்

வெள்ளிக்கிழமை மாலை கடைசி அறுவை சிகிச்சை முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். மயக்க இயந்திரத்தில் ஆக்சிஜன் திருகு மட்டும் முழுதாக மூடப்படாமல் நின்றுவிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஈரமற்ற வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது. திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்கு வருபவர் இயந்திரத்தின் குடுவையில் உள்ள சோடா லைம் குருணைகளைப் பார்க்கிறார். வெள்ளையாக இருக்கின்றன. கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சித் தீர்ந்துபோன குருணை ஊதா நிறமாகும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் குறையில்லை என்று அடுத்த வேலைக்குப் போகிறார்.

குறை இருக்கிறது. அந்த நிறமாற்றம் உறிஞ்சும் திறன் தீர்ந்ததைக் காட்டுமே தவிர, ஈரம் வற்றியதைக் காட்டாது. காய்ந்துபோன குருணையின் வழியே டெஸ்ஃப்ளூரேன் என்னும் மயக்க வாயு செல்லும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். செவோஃப்ளூரேன் என்றால் குடுவையே கடுமையாகச் சூடேறலாம். நோயாளியின் விரலில் மாட்டியிருக்கும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரோ, கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய இரத்தத்திலிருந்து பிரித்தறியாது. திரையில் நல்ல எண்ணே தெரிந்துகொண்டிருக்கும். 1990-களில் அமெரிக்க மயக்கவியல் இதழ்களில் இத்தகைய நிகழ்வுகள் பதிவாயின. வாரத்தின் முதல் நோயாளியே பெரும்பாலும் இதில் சிக்கினார் என்பதும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

இந்தக் குடுவையின் பக்கத்தில் நிற்பவர் யார்? அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் அவர் மயக்கவியல் டெக்னீசியன். அவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும், அதை எங்கே கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்த்துப் பழகிக் கைவரும் வேலை என்ற நிலையிலிருந்து இது எப்போதோ நகர்ந்துவிட்டது. இதற்கான கல்வி இரண்டாண்டுப் பட்டமாக, சமுதாயக் கல்லூரியில், மருத்துவமனையின் எழுத்துப்பூர்வமான பங்கேற்போடு அமைய வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நோயாளிக்கு மயக்கம் கொடுப்பவர் மயக்க மருத்துவர், அல்லது அதற்கெனப் பயின்ற செவிலியர். ‘அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டன்ட்’ என்று முதுகலைப் படிப்பு படித்த இன்னொரு பிரிவினரும் உண்டு. அவர்களுக்கான படிப்பு 1969-இலேயே எமரி, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகங்களில் தொடங்கிவிட்டது. இங்கே பேசப்படுபவர் இவர்களில் யாரும் இல்லை. இயந்திரத்தைச் சோதித்து வைப்பவர், சுவாசக் குழாய் போடுவது சிரமமாகும்போது தேவையான வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவருபவர், தமனி அழுத்தக் கருவியைப் பொருத்திப் பூஜ்ஜியத்தில் நிறுத்துபவர், சிந்திய இரத்தத்தைச் சேகரித்துக் கழுவி நோயாளிக்கே திருப்பித் தரும் கருவியை இயக்குபவர். இவர்களுக்கென 1989-இல் ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று. டெக்னீசியன், டெக்னாலஜிஸ்ட் என இரு நிலைகளில் சான்றிதழ்த் தேர்வுகள் வந்தன. 2010-களின் நடுவிலிருந்து, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவரே டெக்னாலஜிஸ்ட் தேர்வு எழுத வேண்டும் என்ற திசையில் அந்தச் சங்கம் நகர்ந்தது.

பட்டம் வேண்டாம் என்போர் கையில் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. 1978-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பொறியாளர் ஜெஃப்ரி கூப்பரும் அவர் குழுவும், தவிர்த்திருக்கக்கூடிய 359 மயக்கவியல் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 82 விழுக்காடு மனிதத் தவறு. கருவி பழுதானது வெறும் 14 விழுக்காடு. கருவிதான் சிக்கல் இல்லையே, பிறகு கருவிக்காரருக்கு எதற்குப் பட்டம் என்று கேட்கலாம்.

அந்த 82 விழுக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கேள்வி திசை மாறுகிறது. சுவாசச் சுற்றின் குழாய் கழன்றுபோனது, வாயுவின் அளவு கவனிக்காமல் மாறிப்போனது, ஊசிக்குழல் மாறிப்போனது ஆகியவை அதில் அடிக்கடி வருகின்றன. முதல் இரண்டும் கருவியும் மனிதக் கையும் சந்திக்கும் இடத்தில் நேர்ந்தவை. இயந்திரம் பழுதாகவில்லை; அது தவறான நிலையில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது சோடிக் கண்களுக்கு வேலை இருப்பது அங்கேதான். அந்தக் கண்களுக்கு எது இயல்பு, எது பிசகு என்று தெரிந்திருந்தால்தான் பயன்.

மயக்க மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2008-இல் அது வெளியிட்ட இயந்திரச் சோதனைப் பரிந்துரையில் 15 இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் மயக்கம் கொடுப்பவர் மட்டும், சிலவற்றில் அவரோ டெக்னீசியனோ, சிலவற்றில் இருவருமே. மாற்று ஆக்சிஜன் சிலிண்டரும் கையால் அழுத்தும் சுவாசப் பையும் தயாராக உள்ளனவா என்பது இருவருமே பார்க்க வேண்டிய இனம். ஓர் அறிவியல் சங்கம் பாதுகாப்புப் பொறுப்பில் ஒருவரை எழுத்தில் பங்காளியாக்கிவிட்டு, அவருடைய கல்வியைத் தற்செயலுக்கு விட்டுவிடுவது எப்படிப் பொருந்தும்?

மயக்கவியல் இன்று பெருமளவு பாதுகாப்பானது. 1999-இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் புகழ்பெற்ற அறிக்கை, 1980-களின் தொடக்கத்தில் 10,000 பேருக்கு இருவர் என்றிருந்த மயக்கவியல் மரணம், இரண்டு முதல் மூன்று லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டதாகப் பதிவு செய்தது. இந்த வெற்றியையே காட்டி, இப்போது எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று சொல்வாரும் உண்டு. ஆபத்து அரிதாகிவிட்டால், வேலை செய்துகொண்டே அதைக் கற்கும் வாய்ப்பும் அரிதாகிவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்தாண்டு வேலை பார்த்த ஒருவர் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியாவை ஒருமுறைகூட நேரில் கண்டிராமல் இருக்கலாம்.

அந்த நோயையே எடுத்துக்கொள்வோம். சில மயக்க வாயுக்கள் பட்டதும், மரபணுக் குறை உள்ளவரின் தசைகள் இறுகி உடல் கொதிக்கத் தொடங்குகிறது. மாற்று மருந்து டான்ட்ரோலீன். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணையாகக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 175 மில்லிகிராம் வேண்டும். பழைய வகைக் குப்பி ஒன்றில் இருப்பது 20 மில்லிகிராம். ஆக, ஒன்பது குப்பிகளை உடைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய வெறும் நீரைச் செலுத்தி, தூள் கரைந்து தெளியும்வரை குலுக்க வேண்டும். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த சலைனை ஊற்றிவிடக் கூடாது. முதல் தவணை மட்டுமே அரை லிட்டரைத் தாண்டுகிறது. இப்படி 36 குப்பிகள் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும் என்பது அந்நோய்க்கான அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. 2014-இல் ஒரே குப்பியில் 250 மில்லிகிராம் அடங்கிய, 5 மில்லிலிட்டர் நீரில் கரையும் புதிய வகை வந்திருக்கிறது. ஆனால் தன் மருத்துவமனையின் அலமாரியில் எந்த வகை இருக்கிறது, அதை எப்படிக் கரைப்பது என்பது குலுக்கப்போகும் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதை நடைமுறையில் கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்க வழியில்லை. ஆய்வுக்கூடத்தில், காலாவதியான குப்பிகளை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பலமுறை செய்துபார்த்தால்தான் வரும்.

ஏன் சமுதாயக் கல்லூரி? இந்தச் சொல் தமிழருக்குப் புதிதில்லை. 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிய முயற்சி முதலே அது நம்மிடம் புழங்குகிறது. அமெரிக்காவில் அதன் வேர் 1901-இல் இலினாயின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரிக்குப் போகிறது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் இந்த அமைப்பை நாடெங்கும் விரிக்கச் சொன்னது. மருத்துவத் துறைக்கு அது என்ன தரமுடியும் என்பதை 1950-களில் மில்ட்ரெட் மான்டாக் காட்டினார். செவிலியர் கல்வி மருத்துவமனைப் பள்ளிகளின் கையில் இருந்த காலம் அது. மாணவியர் படித்தார்கள் என்பதைவிட மலிவான கூலிக்கு வார்டுகளைக் கவனித்தார்கள் என்பதே பொருந்தும். இரண்டாண்டில் கல்லூரியிலேயே செவிலியரை உருவாக்கலாம் என்று மான்டாக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலிருந்து முன்மொழிந்தார். 1952-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் ஏழு இளநிலைக் கல்லூரிகள் சேர்ந்தன. அங்கே படித்தவர்கள் எல்லோரும் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதி, மற்றவர்களுக்கு ஈடாகத் தேறினார்கள். கற்பவரைக் கூலியாளிடமிருந்து பிரித்ததுதான் அந்தத் திட்டத்தின் பெரிய சாதனை. மயக்கவியல் டெக்னீசியன்கள் பலர் இன்றும் மான்டாக்குக்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் தொழில்நுட்பக் கல்லூரி, விஸ்கான்சினின் மில்வாக்கி வட்டாரத் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை இந்தப் படிப்பை ஏற்கெனவே நடத்துகின்றன. ஆக, முடியுமா என்பது கேள்வி இல்லை. புதிதாகத் தொடங்கும் கல்லூரி எங்கே இடறும் என்பதே கேள்வி.

வகுப்பறையில் இடறாது. உடற்கூறு, வேதியியல் ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மருத்துவமனை கழித்துப்போட்ட மயக்க இயந்திரத்தை நன்கொடையாகக் கேட்டுப் பெறலாம். மாணவர் பிரித்துப் போட்டுப் பூட்டுவதற்குப் பழைய இயந்திரமே நல்லது. இடறுவது முதலில் ஆசிரியரிடம். சான்றிதழும் பட்டமும் அரங்க அனுபவமும் சேர்ந்து வாய்த்தவர்கள் குறைவு, அவர்களுக்கு மருத்துவமனை தரும் ஊதியத்தைக் கல்லூரியால் தர முடிவதில்லை. அடுத்த இடறல் இன்னும் பெரியது: பயிற்சி இடம். ஓர் அறுவை அரங்கில் மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், கருவி விற்பனையாளர் என ஏற்கெனவே கூட்டம். ஆகவே முதல் அணியின் அளவை வகுப்பறை நாற்காலிகளை எண்ணி முடிவு செய்யக் கூடாது. மருத்துவமனைகள் கையெழுத்திட்டுத் தந்த பயிற்சி இடங்களை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். எட்டு இடம் என்றால் எட்டு மாணவர். பதினாறு பேரைச் சேர்த்துவிட்டுப் பிறகு இடம் தேடினால், பாதிப்பேர் அரங்கின் மூலையில் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். எந்தப் பழக்கத்தை மாற்றப் பட்டம் தொடங்கப்பட்டதோ, அதற்கே அவர்கள் திரும்பியிருப்பார்கள்.

சட்டம் கேட்காத பட்டத்துக்கு யார் இரண்டு ஆண்டு செலவழிப்பார்கள் என்பது நியாயமான ஐயம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு உரிமம் இல்லை. பள்ளிப் படிப்போடு வந்தவரையும் மருத்துவமனை சேர்த்துக்கொள்ளலாம். அதே அரங்கில் மயக்கவியல் செவிலியராக விரும்புவோர் 2022 முதல் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். ஒரு பக்கம் ஏணி உயர்ந்துகொண்டே போக, அதன் அடியில் நிற்பவருக்கு முதல் படியே இல்லை. இந்தியா வேறு வழியில் போயிருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மயக்கவியல் தொழில்நுட்பத்தையும் தன் அட்டவணையில் சேர்த்து, துணைமருத்துவப் பணியாளர் தகுதிக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்று வரையறுத்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி இடம் தர ஒப்புக்கொள்ளும் மருத்துவமனையிடம், பட்டம் பெற்றவருக்குத் தனி ஊதிய நிலை என்பதையும் அதே ஒப்பந்தத்தில் கல்லூரி கேட்க வேண்டும். ஊதிய ஏட்டில் வேறுபாடு இல்லாத பட்டத்தைத் தேடி மாணவர் வரமாட்டார்.

இன்னொரு கேள்வி மனத்தை உறுத்துகிறது. இருபது ஆண்டாக இந்த வேலையைச் செய்துவருபவர் என்ன ஆவார்? நோயாளியைத் தள்ளிச் செல்லும் பணியாளராகச் சேர்ந்து, மருத்துவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் திறமை பெற்றவர் அவர். புதிய பட்டம் அவரைத் தகுதியற்றவராக்கிவிட்டால் அது அநீதி, மருத்துவமனைக்கும் இழப்பு. சோடா லைமின் வேதியியல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்; எந்த அரங்கின் உறிஞ்சுகுழாய் எப்போது மக்கர் செய்யும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே பாடத்திட்டம் எழுதும்போதே அவருக்கான வழியையும் எழுத வேண்டும். செய்முறைப் பாடங்களில் நேரடித் தேர்வு வைத்து மதிப்பெண் அலகுகளை வழங்கலாம். உடற்கூறு, மருந்தியல், வாயு விதிகள் ஆகியவற்றை மாலை வகுப்பாக வைக்கலாம். இரவுப்பணிக்காரருக்கென அதே பாடத்தைக் காலையில் இன்னொரு முறை நடத்தலாம். பயிற்சி மணிகளை அவர் வேலை பார்க்கும் அரங்கிலேயே, வேறொருவரின் மேற்பார்வையில், கூலி குறையாமல் முடிக்க மருத்துவமனை ஒப்ப வேண்டும். முதல் அணியின் எட்டு இடங்களில் இரண்டையாவது இவர்களுக்கென்று ஒதுக்கினால், மற்ற ஆறு பேருக்கும் வகுப்பிலேயே ஓர் அரங்கு கிடைக்கும்.