கையெழுத்துப் புத்தகத்தில் ஒரு பெயர்



புதிய பொருள் ஒன்று அறிவிக்கப்படும்போது அதை முதன்முதலாகக் கண்டவர் என்ன எண்ணினார் என்பதைச் சரித்திரம் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. ஆனால், டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து வீட்டிலேயே ஆடத்தக்க வீடியோ விளையாட்டுச் சாதனம் உலகில் முதலில் காட்சிக்கு வந்தபோது, பார்க்க வந்தவர்களின் பெயர்கள் ஒரு கையெழுத்துப் புத்தகத்தில் பதிவாயின. அந்தப் புத்தகம் பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. அதன் கதையையே இன்று கூற விழைகிறேன்.

ரால்ஃப் பேயர் 1922ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜி ஆட்சியின் கொடுமையிலிருந்து தப்பி, 1938இல் அக்குடும்பம் அமெரிக்கா சென்றது. தபால் வழிப் பாடமாக வானொலிப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட அந்த இளைஞர், பிற்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்துவந்த சாண்டர்ஸ் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர்களுள் ஒருவரானார்.

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், நியூயார்க் பஸ் நிலையம் ஒன்றில் காத்திருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வீடுதோறும் டெலிவிஷன் இருக்கிறது. நிலையத்தார் அனுப்புவதைப் பார்ப்பதைத் தவிர அதைக் கொண்டு வேறொன்றும் செய்ய இயலவில்லையே! அதில் விளையாடினால் என்ன? மறுநாளே அலுவலகத்தில் அமர்ந்து நான்கு பக்கங்களில் அவ்வெண்ணத்தை எழுதி வைத்தார். பில் ஹாரிசன், பில் ரஷ் என்னும் இருவர் துணையோடு 1968க்குள் ஒரு மாதிரிப் பெட்டி உருவாயிற்று. மர நிறத் தாள் ஒட்டிய அதற்குப் ‘பழுப்புப் பெட்டி’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

டெலிவிஷன் உற்பத்தியாளர் பலர் அதைப் பார்த்தனர், பாராட்டினர், வாங்க முன்வரவில்லை. முடிவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் 1971இல் உரிமம் பெற்றது. 1972 மே மாதம் ‘ஒடிசி’ என்ற பெயருடன் அச்சாதனம் அமெரிக்க நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அங்கே மக்கள் கண்டது என்ன? திரையில் வெண்மையான சில ஒளிப்புள்ளிகள். நடுவே ஒரு கோடு. ஓசை கிடையாது. வெற்றி தோல்வியைக் கணக்கிடும் திறனும் கிடையாது. ஆடுபவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். களத்தைக் காட்டும் வண்ணப் பிளாஸ்டிக் தாளைத் திரைமீது ஒட்டிக்கொள்ள வேண்டும். பகடை, சீட்டு, விளையாட்டுக் காசு ஆகியனவும் உடன் வந்தன. விலையோ ஏறத்தாழ 100 டாலர்.

மே 24ஆம் நாள் கலிபோர்னியாவில் பர்லிங்கேம் என்னும் ஊரில் நடந்த காட்சிக்கு நோலன் புஷ்னெல் என்ற இளம் பொறியாளர் வந்தார், புத்தகத்தில் கையெழுத்திட்டார், டேபிள் டென்னிஸ் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார். அது தம்மைக் கவரவில்லை என்றே அவர் பிற்பாடு கூறினார். ஆயினும், அடுத்த மாதமே ‘அடாரி’ நிறுவனத்தைத் தொடங்கிய அவர், ஆலன் ஆல்கார்ன் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்த முதல் வேலை அதே டேபிள் டென்னிஸ்தான்! ஆல்கார்ன் அதற்கு ஓசை கொடுத்தார்; திரையிலேயே எண்ணிக்கையைக் காட்டினார்; மட்டையில் படும் இடத்துக்கேற்பப் பந்து கோணம் மாறிப் பாயும்படி செய்தார். இதுவே ‘பாங்’. மதுக்கடை ஒன்றில் வைத்த முதல் இயந்திரம் சில நாட்களில் நின்றுவிட்டது; திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்திருந்தது!

ஒடிசியின் நிலை வேறு. மேக்னவாக்ஸ் கடைகளில் மட்டுமே விற்கப்பட்டதால், அந்நிறுவனத்தின் டெலிவிஷனில்தான் அது இயங்கும் என்று பலர் தவறாக எண்ணிவிட்டனர். 1975இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 3,50,000 சாதனங்களே விற்றன.

1974இல் வழக்கு மூண்டது. அப்போது அந்தக் கையெழுத்துப் புத்தகம் சாட்சி சொன்னது. 1976இல் அடாரி சமரசம் செய்துகொண்டு உரிமத் தொகை தர இசைந்தது. 1977இல் சிகாகோ நீதிபதி ஜான் கிரேடி, வேறு உற்பத்தியாளர்கள் மீதான வழக்கில், இத்துறைக்கே முன்னோடியானது பேயரின் காப்புரிமை எனத் தீர்ப்பளித்தார். 2006இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பேயருக்குச் சூட்டப்பட்டது. 2014இல் தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார்.

புஷ்னெல்லின் முதல் அபிப்பிராயம் பிழை என்று கூறிவிட இயலாது. ஒடிசியில் குறைகள் இருந்தன. அவற்றை அவர் சரியாகவே கண்டார். கண்டதால்தான் ‘பாங்’ சிறந்தது. ஆனால், குறையைக் கண்ட அந்தக் கண்ணுக்கு அந்த ஆட்டத்தைக் காட்டியது யார்? திருத்தியவருக்குப் புகழும் பொருளும் உடனே வந்தன. தொடங்கியவர் தம் பங்கை நிலைநாட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

இன்றும் புதிய சாதனம் ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்றே முதலில் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அத்தோடு, இதுவரை இயலாத எதை இது இயலச் செய்கிறது என்னும் கேள்வியையும் கேட்டுவிடுவது நலம். 1972இல் அதற்கு விடை, திரையில் மங்கலாக நகர்ந்த ஒரு வெண்புள்ளி. நிலையத்தார் அனுப்பியதை மட்டுமே காட்டிவந்த டெலிவிஷன், அன்றுதான் வீட்டாரின் கைக்கு இசைந்து அசைந்தது.