மேற்பூச்சும் காப்புரிமையும்



சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கப்பலில் வந்தவர்கள் கரையேறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளினூடே கொணர்ந்து சேர்த்தவை மசூலாப் படகுகள். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. பொருத்துவாய்களில் வைக்கோலும் புல்லும் வைத்துத் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு கரையலையின் அடியில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துப் பிழைக்கும். ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. தையலின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும்; அதனை இறைத்துக் கொட்டவே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

வளைவது கசிகிறது, கசியாதது உடைகிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடலோடு வாழ்ந்த நம் முன்னோர் அறிந்திருந்த இச்சிக்கல், இன்று மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ளும் கைப்பேசியின் திரையிலும் வந்து நிற்கிறது. அத்திரையைக் காப்பதற்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்களைப் பூசுகிறார்கள். அவ்வாறு பூசிய ஒருவர், “இது என் கண்டுபிடிப்பு, இதற்குக் காப்புரிமை வேண்டும்” என்று அரசிடம் கேட்கிறார். அதில் புதியது எது, பழையது எது என்று பிரித்தறிவது எவ்வாறு? அப்படி ஆராயும் முறை நம் நாட்டில் எவ்வாறு உருவாயிற்று? இவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்த நிலையக் கட்டடத்தை நீங்கள் இன்றும் சென்று காணலாம். அதே ஆண்டில்தான் இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டமும் பிறந்தது. அதன்கீழ் மார்ச் 3-ஆம் நாள் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்பவர். அவர் கண்டது, கூரையில் தொங்கும் பங்காவை இழுக்கும் ஒரு பொறி. அச்சட்டம் கண்டுபிடிப்பாளருக்கு 14 ஆண்டுத் தனியுரிமை அளித்தது. ஆங்கில முடியரசின் ஒப்புதலைப் பெறாமல் இயற்றப்பட்டதென்று அதனை 1857-இல் நீக்கி, 1859-இல் திருத்தி மீண்டும் இயற்றினார்கள்.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பாளர் தம் இரகசியத்தை மறைக்காமல் எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, சில ஆண்டுகளுக்கு அதனைப் பிறர் செய்யலாகாது என்று அரசு தடுக்கிறது. அவ்வாண்டுகள் கழிந்ததும் அவ்வறிவு ஊருக்கெல்லாம் பொதுவாகிறது. ஆனால், கொடுப்பது உண்மையிலேயே புதிய அறிவுதானா என்று பார்க்காமல் உரிமை வழங்கினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுக்கு 1625-இலேயே வில்லியம் பீல் என்பவர் காப்புரிமை பெற்றார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் அத்தகைய பூச்சுகளுக்கு நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் குவிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பயனற்றவை. பழைய நூல்களைத் தேடிப் பார்த்துப் புதுமையை ஆராயும் முறையை அமெரிக்க நாடு 1836-இலேயே சட்டமாக்கிற்று. பிரிட்டனில் அது 1905-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வளையும் பொருளுக்கு நீர் புகாத படலம் இடுவதில் பெயர் பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ். நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதனை இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-இல் அவர் காப்புரிமை பெற்றார். மழைச்சட்டைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆயினும் அந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இவ்விரு குறைகளும் நீங்கும் என்று கண்டவர் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர். பாவம், அவர் காப்புரிமை கேட்பதற்கு முன்பே தம் ரப்பர்த் துண்டுகள் இங்கிலாந்துக்குச் செல்ல விட்டுவிட்டார். அவற்றைப் பார்த்த தாமஸ் ஹான்காக், தாமும் சோதனைகள் செய்து, 1843 நவம்பரில் இங்கிலாந்தில் விண்ணப்பித்து உரிமையைப் பெற்றுக்கொண்டார். குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1844 ஜூனில். இங்கிலாந்தில் அவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. பெருங்கடனோடு 1860-இல் அவர் மறைந்தார். திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிப் பின்னர் டயர் ஆலையாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம், டயருக்கு வழிவகுத்த அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

குட்இயரின் கதையை நான் ஏட்டில் படித்தது மட்டுமன்று, கண்ணாலும் கண்டேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் திருவொற்றியூரில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பகுதியில் கடற்காற்றுப் பட்டால் புது இரும்பும் விரைவில் துருவேறிவிடும். அவர் இரண்டு படலமாகப் பூசும் ஒரு முறையைக் கண்டார். கீழ்ப்படலம் மென்மையானது; மேற்படலம் கடினமானது. சன்னல் கம்பிகளுக்கும் காசிமேட்டு விசைப்படகுகளின் இரும்புப் பகுதிகளுக்கும் அதைப் பூசிக் கொடுத்தார். நல்ல பெயர் கிடைத்தது. மகிழ்ச்சியில், கலவையின் அளவு முதற்கொண்டு எல்லாவற்றையும் விளக்கி, ஒரு துண்டுத்தாள் அச்சிட்டுக் கடைதோறும் வழங்கினார். இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் வெளியிடப்பட்டதும், தொழிற்போட்டியாளர் ஒருவர் எதிர்ப்பு மனுக் கொடுத்தார். அதனோடு அவர் இணைத்த சான்று வேறொன்றுமன்று. என் மாணவர் அச்சிட்ட அதே துண்டுத்தாள்! உரிமை மறுக்கப்பட்டது.

அன்று மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். “ஐயா, இதைக் கண்டுபிடித்தவன் நான்தானே? என் தாளையே காட்டி எனக்கு இல்லை என்கிறார்களே! என் பொருளை நானே திருடினேனா?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. சட்டத்தின் மீது எனக்கும் சினமே வந்தது. அந்தச் சினத்தோடுதான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நாடு விடுதலை பெற்றபோது, 1911-இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமே இங்கு நடப்பில் இருந்தது. அது நமக்குப் பொருந்துமா என்று ஆராயும் பொறுப்பை அரசு 1957-இல் நீதியரசர் என்.இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைத்தது. அப்போது அவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி; பின்னர் உச்சநீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1959-இல் அவர் அளித்த அறிக்கை ஒரு கசப்பான உண்மையை எடுத்துக்காட்டிற்று. இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை வெளிநாட்டார் கையில் இருந்தன. அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை. அதாவது, நாம் தடையை மட்டும் ஏற்றுக்கொண்டு அறிவின் பயனை இழந்திருந்தோம். அவ்வறிக்கையின் அடிப்படையில் எழுந்ததே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அது 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

புதுமைக்கு உரைகல் எது என்பதை உச்சநீதிமன்றம் 1978-இல் தெளிவாக்கிற்று. பாத்திரம் செய்யும் கடைசல் இயந்திரத்தில் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றிய வழக்கு அது. தேர்ந்த தொழிலாளி எவரும் பட்டறையில் இயல்பாகச் செய்துகொள்ளும் சிறு திருத்தம் கண்டுபிடிப்பாகாது. பழைய உறுப்புகளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, அச்சேர்க்கையால் புதியதொரு விளைவு தோன்ற வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. தனித்தனியே தம் வேலையைச் செய்யும் பழைய பொருள்களை வெறுமனே வரிசை மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பன்று என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவும் சொல்கிறது. பழைய பொருளின் புதிய வடிவம் மட்டும் போதுமா என்ற வினா மருந்துத் துறையிலும் எழுந்தது. கிளிவெக் என்னும் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்காக 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தை 2006-இல் அவ்வலுவலகம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, 2013 ஏப்ரல் முதல் நாள் அம்மறுப்பே நிலைபெற்றது.

இப்போது மடங்கும் திரைக்கு வருவோம். மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் கரிமப் படலங்களை 1987-இல் கோடக் நிறுவனத்து அறிஞர்களான டாங், வான் ஸ்லைக் என்னும் இருவர் உலகுக்கு அறிவித்தனர். அப்படலங்களுக்கு ஈரம் பெரும்பகை. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் வழியே ஒரு நாளில் ஒரு கிராமில் 10 இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி புகலாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. அலுமினியம் ஆக்சைடு போன்ற கனிமப் படலம் ஈரத்தைத் தடுக்கும்; ஆனால் அதில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் இருக்கும்; வளைத்தால் விரிசலும் காணும். நெகிழிப் படலம் நன்கு வளையும்; ஆனால் ஈரத்தை உள்ளே விட்டுவிடும். ஆகவே இரண்டையும் மாறி மாறி அடுக்குகிறார்கள். ஓட்டுக் கூரையில் கீழ் வரிசையின் இடுக்கை மேல் வரிசை ஓடு மறைப்பது போல, ஒரு கனிமப் படலத்தின் துளைக்கு நேராக அடுத்த படலத்தின் துளை அமைவதில்லை. உட்புகும் நீராவி பக்கவாட்டில் நெடுந்தொலைவு அலைந்தே அடுத்த வழியைக் காண வேண்டும். தனியாக நின்றால் இரண்டுமே தோற்கும். சேர்ந்து நின்றால் வெல்லும்.

மேலும், பொருளொன்றை வளைக்கும்போது வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும், நடுவே இரண்டுமற்ற ஓரிடம் இருக்கும். எளிதில் உடையும் படலத்தை அந்நடுவிடத்தில் வைத்தால் அது பிழைக்கும். உங்கள் குறிப்பேட்டை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே நழுவுவதால்தான் அது எளிதாக வளைகிறது. அதுபோலப் படலங்களுக்கு இடையே மென்மையான பசையை இடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கீறல் விழாத கடினப் பூச்சு ஒன்று அமையும். அம்மேற்படலத்தின் அருமையை 2019-இல் உலகம் கண்டது. சாம்சங் நிறுவனத்தின் மடங்கும் கைப்பேசியைச் சோதிக்கப் பெற்றவர்களில் சிலர், மேலிருந்த காப்புப் படலத்தைக் கழித்தெறியும் உறை என்றெண்ணி உரித்துவிட்டனர், திரைகள் பழுதாயின. ஏப்ரலில் வரவிருந்த கைப்பேசி, செப்டம்பரில்தான் கடைக்கு வந்தது.

இத்தகைய அடுக்கு ஒன்றுக்கான விண்ணப்பம் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்துக்கு வருகிறதென்று கொள்ளுங்கள். பொதுவாக 18 மாதம் கழிந்ததும் அது வெளியிடப்படும். ஆய்வாளர் உலகெங்குமுள்ள பழைய பதிவுகளைத் தேடுவார். படல அடுக்குகளுக்கென்றே உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் பி-32-பி என்ற தனி அறை உண்டு. “கடினப் பூச்சு முன்பே இந்தப் பதிவில் உள்ளது, மென்பசை அந்தப் பதிவில் உள்ளது, இரண்டையும் சேர்க்க இத்துறையறிந்த எவருக்கும் தோன்றாதா?” என்று முதல் ஆய்வறிக்கையில் அவர் வினவுவார். விண்ணப்பித்தவர், சேர்க்கையால் விளைந்த பயனைச் சோதனைக் கணக்கோடு காட்ட வேண்டும். அடுக்கின் எண்ணிக்கை கூடியது என்பது விடையாகாது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று துணையாகி, தனித்தனியே செய்யவியலாத ஒன்றைச் செய்கின்றன என்பதே விடையாகும். உரிமை வழங்குவதற்கு முன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்புக் கூறலாம் என்று சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்த பிறகு என் சினம் தணிந்தது. என் மாணவரின் துண்டுத்தாளைப் படித்த எண்ணூர்ப் பட்டறைக்காரர்கள் சிலர், இரண்டு ஆண்டுகளாக அம்முறையைத் தாங்களும் கையாண்டு வந்தார்கள். ஊருக்குக் கொடுத்ததை ஒருநாள் காலையில் திரும்பப் பறித்து, அவர்களைக் குற்றவாளிகளாக்குவது அறமாகுமா? மசூலாப் படகின் தையலை இன்று ஒருவர் தமதென்று எழுதி வாங்கிக்கொள்ள முடியாதிருப்பதும் இதே விதியால்தான். பொதுவானது பொதுவாகவே இருக்க வேண்டும். ஏழைத் தொழிலாளியைக் காக்கும் வேலியே அன்று என் மாணவருக்கு முள்ளாயிற்று.

ஆனால் வேறொரு குற்றம் என்னைச் சார்ந்தது. அவரை நான் ஐந்து ஆண்டுகள் பயிற்றினேன். பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை நெட்டுருச் செய்வித்தேன். “புதிதாக ஒன்றைக் கண்டால், அச்சிடுவதற்கும் விற்பதற்கும் முன்பே விண்ணப்பித்துவிடு” என்ற ஒரு வரியை ஒருநாளும் சொல்லவில்லை. கற்றறிந்தோர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தல் போன்ற சிலவற்றுக்குச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. அதனை நம்பிக் காத்திருப்பதைவிட முந்திக்கொள்வதே நன்று. அன்று வகுப்பறையில் சொல்லத் தவறியதை இன்று வானொலியில் சொல்லிவிட்டேன்.

என் மாணவர் சோர்ந்துவிடவில்லை. இப்போது தம் இரு படலங்களுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றை வைத்துச் சோதித்து வருகிறார். அது எதனால் ஆனது என்று என்னிடமும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.