விளக்கு அணைந்த காவல் நிலையம்

சென்ற வாரம் எங்கே நிறுத்தினோம்?

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையம். 1992. திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துவந்த ஒருவர் லாக்கப்பில் பிணமாகிவிட்டார். தூக்கு மாட்டிக்கொண்டார் என்றது காவல்துறை. இல்லை, அவரைக் கொன்றுவிட்டார்கள், என்னையும் சீரழித்தார்கள் என்றார் மனைவி. மார்க்சிஸ்ட் கட்சியும் ஜனநாயக மாதர் சங்கமும் அவர் பின்னால் வந்து நின்றன.

அவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை அச்சிடுவது குற்றம். அந்தத் தடை பிறந்த கதையும் இந்த வாரக் கதைக்குள்ளேயே வருகிறது.

வழக்கு கடலூருக்கு வருகிறது. இப்படிப்பட்ட வழக்கில் கூண்டில் நிற்கிற காவலர் என்ன சொல்லித் தப்பிக்க முடியும்? வழி இரண்டு. ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்பது ஒன்று. இரண்டாவது, காலங்காலமாகக் கைகொடுத்த வழி.

‘அவள் சம்மதித்தாள்.’

இந்த இரண்டாவது வழியின் குறுக்கே ஒரு சுவர் எழும்பியிருந்தது. அதை எழுப்ப வைத்தவள் ஒரு சிறுமி. அவளைப் பார்க்க மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்சுக்குப் போக வேண்டும். 1972, மார்ச் 26. இரவு.

சட்டப் புத்தகங்கள் அவளை மதுரா என்கின்றன. பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும். பெற்றோர் இல்லாத பழங்குடிப் பெண். நுஷி என்பவர் வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டு உறவுக்கார இளைஞனோடு காதல். அண்ணன் காமாவுக்குப் பயம். தங்கையைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்தான். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அந்த அண்ணன் நினைத்தான். காவல் நிலையத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பினான்.

இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தலைமைக் காவலர் பாபுராவ் வாக்குமூலம் எழுதி முடிக்கும்போது பத்தரை. பிறப்புச் சான்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எல்லோரும் எழுந்தார்கள்.

“நீ மட்டும் இரு” என்றான் கண்பத் என்ற காவலன்.

மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். போலீஸ் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லாத ஏழைகள்.

உள்ளே விளக்கு அணைந்தது. கதவு உட்புறம் தாழிடப்பட்டது.

நுஷி பின்பக்கம் ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஊர் கூடிவிட்டது. அப்போது மதுரா வெளியே வந்தாள். அண்ணனிடமும் நுஷியிடமும் நடந்ததைச் சொன்னாள். கூட்டம் கொதித்தது, கண்பத்தை அடிப்போம், ஸ்டேஷனைக் கொளுத்துவோம் என்றது. பாபுராவ் ஓடிவந்து சமாதானம் பேசி, புகாரை எழுதிக்கொண்டார்.

இனி நீதிமன்றம். செஷன்ஸ் நீதிபதி நம்பவில்லை: இவள் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவள், சம்மதித்திருப்பாள் என்று விடுவித்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் புரட்டிப்போட்டது. பயந்து பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்றது. கண்பத்துக்கு ஐந்து ஆண்டு, அதே இரவில் அவளை மானபங்கம் செய்த இன்னொரு தலைமைக் காவலர் துக்காராமுக்கு ஓராண்டு.

உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது!

உடம்பில் காயம் இல்லை. கத்தினேன் என்று அவள் சொல்வது பொய். பக்கத்திலேயே அண்ணன் இருந்தும் அவனிடம் முறையிடவில்லை. ஆகவே சம்மதம். தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் பி.எஸ். கைலாசம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கும் அந்த இருட்டறை தெரியவில்லையே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. தாழிட்ட காவல் நிலையத்துக்குள் ஒரு கூலிக்காரச் சிறுமி யாரை நம்பிக் கத்துவாள்?

இதையேதான் நான்கு சட்டப் பேராசிரியர்களும் கேட்டார்கள். உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார். 1979இல் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அடுத்த மகளிர் தினத்தில் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் மாறியது.

அப்போதைய மாற்றப்படி, பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு. காவல் நிலையத்தில் காவலர் செய்தால் குறைந்தது பத்து ஆண்டு, ஆயுள் வரை போகலாம். விசாரணை மூடிய அறையில். பெயரை வெளியிடத் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற புதுப் பிரிவு. காவலர் உறவு கொண்டது நிரூபணமாகி, ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால், சம்மதம் இல்லை என்றே நீதிபதி கொள்ள வேண்டும் என்றது அது. இருந்தது என்றால் அதைக் காட்டுவது காவலர் பொறுப்பு.

மதுராவுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. அவள் வழக்கு முடிந்துபோனது. பலன், பின்னால் வந்தவர்களுக்கு. சிதம்பரத்துப் பெண்ணுக்கு.

ஆனால் கவனியுங்கள். 114ஏ தானாக வேலை செய்யாது. அந்த ஒரு வாக்கியத்தை அவரே சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கணவரைப் பறிகொடுத்தவர், தன் எதிரே நிற்கும் காவலர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவில் ஒரு பழைய உட்பிரிவு அப்போது உயிரோடுதான் இருந்தது. புகார் சொன்ன பெண் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவர் சாட்சியத்தைச் சாய்க்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது இடம் கொடுத்தது. 1983இல் யாரும் அதைத் தொடவில்லை. அது நீங்க 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது.

கடலூர் நீதிமன்றத்தில் அவர் கூண்டில் ஏறுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கிறார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.