இரைச்சல் பட்டா கேட்பதில்லை

விமான இரைச்சலைக் குறைப்பது பொறியாளர்களின் வேலை என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஓசை குறைந்த என்ஜின், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இரவு நேரத் தடை எல்லாம் தேவைதான். ஆனால் அந்த நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாரை விட்டுவிட்டது என்று நாம் கேட்க வேண்டும். ஜப்பானில், ஒசாகா நகரை ஒட்டியுள்ள இதாமி விமான நிலையத்தின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1964-இல் அங்கே ஜெட் விமானங்கள் வரத் தொடங்கின. விமானங்கள் தாழப் பறக்கும் பாதைக்குக் கீழே இருந்த கவனிஷி நகர மக்கள் 1969 டிசம்பரில் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். இரவில் பறக்காதே, பட்ட துன்பத்துக்கு இழப்பீடு கொடு என்பவை அவர்களின் கோரிக்கைகள். 1975 நவம்பரில் ஒசாகா உயர் நீதிமன்றம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானங்களுக்குத் தடை விதித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1981 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், கடந்த காலத் துன்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. விமானப் போக்குவரத்து அரசின் நிர்வாக அதிகாரம், அதை உரிமையியல் வழக்கில் தடுக்க முடியாது என்று சொல்லி இரவுத் தடைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் மக்கள் போராடி வாங்கிய இரவு அமைதியை அரசால் திரும்பப் பிடுங்க முடியவில்லை. இன்றும் இதாமி இரவு 9 மணிக்கு மூடப்படுகிறது. 1994-இல் திறந்த கன்சாய் விமான நிலையத்தை நடுக்கடலில் செயற்கைத் தீவு அமைத்துக் கட்டியதற்கும் இந்த இரைச்சல் எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

வெற்றிக் கதையாகச் சொன்னால் இங்கேயே முடித்துவிடலாம். நாம் முடிக்கக் கூடாது.

விமான நிலையத்தை ஒட்டியே நகமுரா என்றொரு குடியிருப்பு இருந்தது. போர்க்காலத்தில் அந்த விமான நிலையத்தை விரிவாக்க உழைத்த கொரியத் தொழிலாளர்களும் அவர்களின் சந்ததியும் அங்கே வாழ்ந்தார்கள். அது அரசு நிலம். அதனால் அவர்கள் "சட்டவிரோத ஆக்கிரமிப்பாளர்கள்" ஆனார்கள். ஊரில் மற்றவர்களின் வீடுகளுக்கு ஒலித்தடுப்பு வசதி செய்ய 1974-இல் சட்டம் திருத்தப்பட்டது. விமான நிலையத்தைக் கட்டியவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 2000-களில்தான் இடமாற்ற இழப்பீடும் மாற்று வீடும் வந்தன. அதற்குள் ஒரு தலைமுறைக்கும் மேல் அந்த இரைச்சலிலேயே வாழ்ந்து முடித்துவிட்டது.

புறம்போக்கு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத கதையா?

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஜன்னலுக்கு மானியம் வேண்டுமென்றால் பட்டா கேட்பார்கள். இரவுத் தடை யாரிடமும் பட்டா கேட்பதில்லை. விமானம் பறக்காத இரவில் காகிதம் உள்ளவரும் தூங்குகிறார், இல்லாதவரும் தூங்குகிறார். ஆகவே இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்கச் சொல்வதுதான் நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். நிவாரணப் பட்டியல் என்று ஒன்று வந்தால், அதில் கடைசிக் குடிசையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தோழர்களே.