நிக்சி குழல் கடிகாரம்

கரண்ட் வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தால், அதன் கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கும். அதே வெளிச்சத்தை எண்களாக எழுதிக் காட்டியதுதான் நிக்சி குழல்.

நியான் வாயுவை 1898இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்சும் கண்டுபிடித்தார்கள். அதை விளம்பர விளக்காக்கியவர் ழோர்ழ் க்ளோத் என்ற பிரெஞ்சுக்காரர். காற்றைத் திரவமாக்கும் தொழிலில் மிச்சமாக வந்த நியானைக் குழாயில் அடைத்து, 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரியவிட்டார். ஜெர்மானியருக்கு ஒத்துழைத்த குற்றத்துக்காக 1945இல் அதே மனிதர் சிறைக்குப் போனார். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பாடங்களில் கதையின் முதல் பாதி மட்டும்தான் இருந்தது!

நிக்சி குழலை 1955இல் சந்தைக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் பர்ரோஸ் கம்பெனி. கணக்கு இயந்திரம் செய்தவர்கள். கண்ணாடிக் குமிழுக்குள் 0 முதல் 9 வரை, மெல்லிய உலோகத்தில் வெட்டிய பத்து எண்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் ஒரு கம்பி வலை. வலைக்கும் ஓர் எண்ணுக்கும் இடையே 170 வோல்ட் அளவுக்குக் கொடுத்தால், அந்த எண்ணைச் சுற்றி மட்டும் நியான் ஒளிரும். சோவியத் ரஷ்யர்கள் தங்கள் ஐஎன்-12 குழலில் 2ஐத் தலைகீழாக வைத்தே 5 என்று காட்டிவிட்டார்கள். சிக்கனம் என்றால் அதுதான். ஆபீசில் கார்பன் தாளை நாலு தடவை பயன்படுத்திய எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

1970களில் எல்இடி எண்கள் வந்ததும் இந்தக் குழல்களுக்கு வேலை போயிற்று. சோவியத் ஒன்றியத்தில் 1980களிலும் செய்தார்கள். அங்கே கிடங்குகளில் தேங்கியவற்றை வாங்கித்தான் இன்றைய ஆர்வலர்கள் கடிகாரம் கட்டுகிறார்கள். உள்ளே இருப்பது ஐந்து வோல்ட்டில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிப்பு. 170 வோல்ட்டை அதன் காலில் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. எனவே நடுவில் கே155ஐடி1 போன்ற இன்னொரு சிப்பை வைப்பார்கள். நான்கு கம்பிகளில் வரும் உத்தரவைப் படித்து, பத்து எண்களில் ஒன்றை மட்டும் அது எரியவிடும். 12 வோல்ட்டை 170 ஆக ஏற்ற ஒரு காயிலும், அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அணைத்துப் போடும் டிரான்சிஸ்டரும் வேண்டும்.

ஆனால் கடிகாரம் இந்தக் குழலுக்கு ஏற்ற வேலையே இல்லை என்பேன். கணக்கு இயந்திரத்தில் எல்லா எண்ணும் மாறி மாறி வரும். கடிகாரத்தில் மணியின் முதல் இலக்கம் 0, 1, 2 மட்டுமே. நிமிடத்தின் முதல் இலக்கம் 5ஐத் தாண்டாது. எரிகிற எண்ணிலிருந்து துளித்துளியாகத் தெறிக்கும் உலோகம், எரியாத எண்களின் மேல் படியும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால், பிறகு 7ஐ ஏற்றினாலும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும்.

இதற்கு வைத்தியம் பார்ப்பதும் சிப்புதான். எல்லோரும் தூங்கும் நேரத்தில், ஆறு குழல்களிலும் 0 முதல் 9 வரை சில நிமிடங்கள் மாற்றி மாற்றி ஓட்டும்படி நிரல் எழுதி வைக்கிறார்கள். முதல் இலக்கக் குழல்களில் தேவைப்படாத 8க்கும் 9க்கும் அந்த நேரத்தில் ஒரு முறை வந்துவிடும். குழலை ஒழித்தது குறைக்கடத்தி. இப்போது ராத்திரியில் கண் விழித்து அதைப் பார்த்துக்கொள்வதும் அதே குறைக்கடத்திதான்.

கிடங்குச் சரக்கு எத்தனை நாளைக்கு வரும்? செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் 2010களில் பழைய முறையைத் தாமே கற்று, கண்ணாடி ஊதி, புதிதாகவே நிக்சி குழல் செய்து விற்கத் தொடங்கிவிட்டார்.