படத்திலிருந்து இறங்கும் பேய்கள்

சிரிக்கவைக்கும் பேய் தமிழுக்குப் புதிதல்ல. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்திலேயே கூழ் சமைத்து, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கு வைக்கும் பேய்களைத் தமிழ் வகுப்பில் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். ஆனால் பாட்டில் வரும் பேய்க்குக் கயிறும் திரையும் தேவையில்லை. காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கண்முன்னே பேயைக் கொண்டுவருவது வேறு வேலை. அந்த வேலையை மிக அழகாகச் செய்த ஒரு பழைய ஆங்கில இசை நாடகத்தைப் பற்றி இந்த நூற்றாண்டு மலரில் எழுத விரும்பினோம். ஏன் இந்த மலரில் என்பது போகப் போகத் தெரியும்.

நாடகத்தின் பெயர் 'ருடிகோர்'. கில்பேர்ட் எழுத, சலிவன் இசையமைத்து, 1887 ஜனவரி 22 அன்று இலண்டன் சவோய் அரங்கில் மேடையேறியது. கதையில் ஒரு கடற்படை மாலுமியும் வருகிறான். அவனைப் போன்றவர்கள் அந்த வருடம் திருகோணமலையிலும் கரையிறங்கியிருப்பார்கள். நம்முடைய துறைமுகம் அப்போது பிரித்தானியக் கடற்படையின் தளம்.

ருடிகோர் பிரபுக்களின் குடும்பத்துக்கு ஒரு சாபம். முதலாம் பிரபு சூனியக்காரிகளைப் பிடித்துக் கொடுமைப்படுத்தியவன். எரிந்து சாகும்போது ஒருத்தி சபிக்கிறாள்: இந்தப் பட்டத்துக்கு வருகிறவன் நாளுக்கொரு குற்றம் செய்ய வேண்டும், தவறினால் துடிதுடித்துச் சாக வேண்டும். இப்போதைய வாரிசோ பரம சாது. இரண்டாம் அங்கத்தில், மூதாதையரின் படங்கள் வரிசையாகத் தொங்கும் மண்டபத்தில் அவன் நிற்கிறான். மேடை இருள்கிறது. வெளிச்சம் திரும்பும்போது படங்களில் இருந்தவர்கள் உயிரோடு பிரேம்களை விட்டு இறங்கி வந்து கணக்குக் கேட்கிறார்கள். இந்த வாரம் என்ன குற்றம் செய்தாய்? வருமான வரியில் பொய்க் கணக்குக் காட்டினேன் என்கிறான். அதெல்லாம் ஒரு குற்றமா, எல்லோரும் செய்வதுதானே என்று தள்ளிவிடுகிறார்கள்!

படம் எப்படி ஆளாகிறது? மேடைக்காரர்கள் இதற்குப் பொதுவாகக் கையாளும் வழிகள் இரண்டு. வரைந்த சீலையை யன்னல் மறைப்புப் போல மேலே சுருட்டிவிடலாம். அதே உடுப்போடு, அதே நிலையில் நடிகர் பின்னால் நிற்பார். அல்லது மெல்லிய வலைத்துணியில் படத்தை வரையலாம்; முன்னாலிருந்து ஒளி விழுந்தால் படம் தெரியும், பின்னால் ஒளி வந்தால் ஆள் தெரிவார். 1862இல் இலண்டனில் பெப்பர் என்பவர் பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பேய் காட்டினார். இரவு பஸ்ஸில் சீனன்குடாவுக்குத் திரும்பும்போது யன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளி இருட்டின் மேல் மிதக்குமே, அதே வித்தைதான். ஆனால் பிம்பம் மேடையில் நின்று பாடாது, வாரிசின் காதைத் திருகாது. ருடிகோர் பேய்களுக்குத் தசையும் குரலும் வேண்டும்.

எந்த வழியானாலும் சில நொடி இருட்டு அவசியம். சவோய், 1881இலேயே முழுவதும் மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட அரங்கு. மின்சாரம் வந்ததால்தான் இருட்டையும் நினைத்த நொடியில் வரவழைக்க முடிந்தது என்பது எங்களுக்குப் பிடித்த வேடிக்கை. அந்த இருட்டில் வாத்தியக்காரர்களுக்குத் தன் கை தெரிய வேண்டும் என்று சலிவன் ஒளிரும் கோலொன்றைப் பிடித்து இசையை நடத்தினார்.

மருத்துவம் படித்த புத்தி இங்கே சும்மா இருக்காது. பிரகாசத்திலிருந்து இருளுக்குப் போகும் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். முதல் சில நொடிகளில் பார்வையாளர்கள் ஏறக்குறையக் குருடர்கள். ஆகவே ஐந்து நொடி போதும். ஆனால் பேயாக நிற்கும் பிள்ளையும் அதே குருடுதான். முன்கூட்டியே சில நிமிடம் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரேமிலிருந்து இறங்கும் மூதாதை கணுக்காலை முறித்துக்கொள்வார்.

பேய்க் காட்சிக்குச் சலிவன் உண்மையாகவே அச்சமூட்டும் இசையை எழுதிவிட்டார். வேடிக்கை நாடகத்துக்கு இது கூடிப்போயிற்று என்று கில்பேர்ட்டுக்குக் குறை. நாங்கள் சலிவன் பக்கம். முதலில் நெஞ்சு ஒருமுறை நின்றால்தான் வருமான வரிக்குச் சிரிப்பு வரும். நம் மேடையில் பம்மல் சம்பந்த முதலியார் ஹம்லெட்டைத் தழுவி எழுதிய 'அமலாதித்யன்' உண்டு. அங்கேயும் இறந்த தகப்பன் வந்து மகனிடம் கேட்கிறான். கேட்கப்படும் காரியம்தான் வேறு.

எங்கள் காலத்துப் பள்ளி மேடையில் பேய் நாடகம் எதுவும் நடந்ததில்லை. கலைவிழாக்கள் பகலிலேயே முடிந்தன. பொழுதுபடுமுன் சீனன்குடாப் பிள்ளைகள் வீடு சேர வேண்டும். ஊரடங்கும் கரண்ட் இல்லாத இரவுகளும் இருந்த அந்த வருடங்களில், மண்டபத்தில் விளக்கை அணைத்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இருட்டை விளையாட்டாக எடுக்க, விளக்கு திரும்ப எரியும் என்ற நம்பிக்கை வேண்டும். எங்கள் அம்மம்மாமார் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் சீனன்குடாவில் குண்டு போட்டதைச் சொல்வார்கள். அவர்களுக்கும் இருட்டு விளையாட்டாக இருக்கவில்லை.

இன்னொன்று, படங்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோது எங்களில் பலருடைய வீடுகளில் சுவரில் தொங்கியவை அப்படியே போய்விட்டன. தாத்தாவின் முகம் எப்படியென்று கேட்டால் காட்ட எதுவும் இல்லாதவர்கள், இந்த மலரை ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வாசிக்கிறீர்கள். பிரேமே இல்லாத வீட்டில் யார் இறங்கி வந்து கணக்குக் கேட்பது? நம்மில் சிலருக்கு மிஞ்சியிருப்பது கல்லூரி மண்டபத்தில் தொங்கும் முன்னாள் அதிபர்களின் படவரிசை மட்டுமே. அவர்கள் இறங்கி வந்தால் முதலில் சீருடையின் நீளத்தைத்தான் பார்ப்பார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு.

நாடக முடிவில் சாது வாரிசு ஒரு தர்க்கம் கண்டுபிடிக்கிறான். குற்றம் செய்ய மறுத்தால் சாவு நிச்சயம்; அப்படியானால் மறுப்பது தற்கொலைக்குச் சமம்; தற்கொலையே அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே மறுத்ததற்காகச் செத்த மூதாதை உண்மையில் செத்திருக்கவே கூடாது! முதல் இரவில் இந்தத் தர்க்கத்தால் எல்லாப் பேய்களும் உயிர் பெற்றன. பிறகு கில்பேர்ட் அதை வெட்டி, ரொடரிக் பிரபு ஒருவரை மட்டும் பழைய காதலியிடம் அனுப்பிவைத்தார். மற்றவர்கள் படத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நம் கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தமிழில் மேடையேற்றுவதானால் முதல் இரவு முடிவையே எடுக்கட்டும். பிரேம் செய்யும் பலகைச் செலவு எங்கள் வகுப்புக்காரருடையது.